மோட் திருட்டு: கேட்டவர்களும் பதிலும்

கேம் மோட், அதாவது வெளிவந்த கேமில் ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் பஸ், லெவல் போன்றவை, செய்யும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள். பாதிக்கு மேல் பஸ் மோட்தான்.

தக்கலை: அண்ணே, பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா கேமுக்கு வடசேரி பஸ் ஒன்றைச் செய்து இலவசமாகப் போட்டேன். ஒருத்தன் என் பெயரை அழித்துவிட்டு 50 ரூபாய்க்கு விற்கிறான்.

தம்பி, அவனோடு கமென்டில் மல்லுக்கட்டாதீர்கள். மாடலை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நீங்களே முதலிலிருந்து கட்டியிருந்தால் அது உங்கள் படைப்பு. காப்பிரைட் பிறக்கப் பதிவு தேவையில்லை. கோப்பு கிடக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் சரியாக இருந்தால் நம் நாட்டு விதிப்படி 36 மணி நேரத்துக்குள் முடக்கி, 21 நாள் அப்படியே வைக்க வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அந்த 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் தளம் மறுபடி திறந்துவிடலாம். சென்னைக்கு ஓட வேண்டாம், காப்பிரைட் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். ஆனால் 50 ரூபாய் மோடுக்கு யார் வக்கீல் பீஸ் கட்டுவார்? இந்தக் கணக்கு திருடனுக்கு அத்துப்படி. ஆகவே பிளெண்ட் கோப்பை, அதாவது பிளெண்டரில் செய்த மூலக் கோப்பை, தேதியோடு பத்திரமாக வையுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மார்த்தாண்டம்: கிரெடிட், அதாவது செய்தவர் பெயர், போட்டுவிட்டு அடுத்தவர் மாடலை எடுக்கலாமா?

கேட்டு, அவர் சரி என்றால் எடுக்கலாம். கிரெடிட் அனுமதி ஆகாது.

குளச்சல்: கேம் கம்பெனி இத்தனை வருஷமாக ஒன்றும் சொல்லவில்லையே, அப்போ மோட் நமக்கே சொந்தம்தானே?

சும்மா இருப்பது வேறு, சம்மதம் வேறு. வழக்குப் போடாததால் மட்டும் காப்பிரைட் போய்விடாது. டோட்டா என்ற கேம், பிளிசார்ட் கம்பெனியின் வார்கிராஃப்ட் 3-இன் மோடாகப் பிறந்து, கடைசியில் வேறு கம்பெனிக்குப் பெரிய சொத்தானது. 2020-இல் வார்கிராஃப்ட் 3-இன் புதுப்பதிப்பான ரீஃபோர்ஜ்டு வந்தபோது, ஆட்டக்காரர்கள் செய்யும் கஸ்டம் கேம் எல்லாம் தனக்கே சொந்தம் என்று பிளிசார்ட் விதி போட்டது. நாளைக்கு உங்கள் கேமிலும் போடலாம்.

களியக்காவிளை: பஸ் டிசைன் பாடி கட்டியவனுடையது, லோகோ போக்குவரத்துக் கழகத்துடையது, கேமோ கேம் கம்பெனியுடையது. திருட்டுப் பொருளைத் திருடிவிட்டான் என்று அழுவது என்ன நியாயம்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது. டியூக் நியூகெம் 3டி விளையாட்டுக்கு ஆட்டக்காரர்கள் உருவாக்கிய 300 லெவல்களை மைக்ரோ ஸ்டார் என்ற கம்பெனி இணையத்திலிருந்து இறக்கி, சிடியில் அடித்து விற்றது. 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது காப்பிரைட் மீறல் என்றது. வென்றது யார்? கேமை வெளியிட்ட ஃபார்ம்ஜென். லெவல் செய்தவர்கள் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. லெவல்களை இலவசமாகத்தான் பகிர வேண்டும் என்று ஃபார்ம்ஜென் விதி வைத்திருந்தது. அது வழக்காடியதால்தான் லெவல் செய்தவர்களின் உழைப்பை விற்பதும் நின்றது. கம்பெனி கண்ணை மூடியிருந்தால் சிடி ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

மறுபடி களியக்காவிளை: அப்போ லாபம் கம்பெனிக்குத்தானே? செய்தவனுக்கு என்ன?

காசாக ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘எல்லாம் திருட்டுத்தான்’ என்பது விற்கிறவன் சொல்லும் சாக்கு. லோகோவுக்கு உங்களிடம் உரிமை இல்லை, சரி. டேஷ்போர்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து நீங்கள் வைத்த ஒவ்வொரு சுவிட்சும் அவனுக்கு எப்படிச் சொந்தமாகும்? லோகோ பற்றிப் போக்குவரத்துக் கழகம் கேட்கட்டும், அவன் கேட்க முடியாது.

இரணியல்: கிரெடிட் போட்டால் போதுமா அண்ணே?

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கருங்கல்: ஏர் ஹாரன் சத்தம் எப்படிச் சேர்ப்பது?

சவுண்ட் செய்கிற பையன்களைக் கேளுங்கள், எனக்கு அது கைவராது.

குலசேகரம்: நல்ல நண்பன்தான், பிளெண்ட் கோப்பு கேட்கிறான். கிரெடிட் போடுவானாம்.

கொடுக்காதீர்கள். கிரெடிட் கேள்வி இன்றைக்கு இத்தோடு போதும்.

திங்கள்சந்தை: மோடுக்கு லாக் போட்டால் தப்பிக்கலாமா?

லாக்கை உடைக்கவும் ஆள் உண்டு. போடுங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள். மாடலுக்குள் வெளியே தெரியாத மூலையில், சீட்டுக்கு அடியில், உங்கள் பெயரைச் செதுக்கி வையுங்கள். புகாரோடு அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பலாம்.