பாடுபவர் மூச்சு எடுக்கும் இடம்

கேள்வி: பத்துக் கம்பி பெடல் ஸ்டீல் கிட்டார், ஈ9 ட்யூனிங் (கம்பிகளைச் சுருதி சேர்க்கும் ஒரு முறை), ஒன்றரை வருடமாக வாசிக்கிறேன். தனியாக வாசித்தால் பாராட்டுகிறார்கள். தோழி பாடும்போது கூட வாசித்தால் மட்டும், "நீ வாசிச்சா எனக்குப் பாட்டே வரமாட்டேங்குது" என்கிறாள். எங்கே தப்பு?

பதில்: தோழி சொல்வதை நம்புங்கள். கம்பிகள் மேல் உலோகப் பாரை நகர்த்தி, பெடல் மிதித்துச் சுருதி மாற்றி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் குரலைப் போலவே வழுக்கிப் போகும், நீண்டு ஒலிக்கும், அதுவும் பெரும்பாலும் பாடுபவரின் குரல் இருக்கிற அதே உயரத்தில். அதனால் அவர் பாடும்போதே நீங்களும் மெட்டைப் பிடித்துக்கொண்டு போனால், கேட்பவர் காதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல விழும்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். கிட்டாரைத் தொடாமல் பாட்டின் வரிகளை எழுதிக்கொண்டு, அவர் மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். உங்கள் இடம் அந்தக் கோடுகள்தான். தொடங்குவதைவிட முடிப்பதுதான் கஷ்டம்: அடுத்த வரிக்காக அவர் தோள் லேசாக எழும்போதே உங்கள் சுரம் அடங்கியிருக்க வேண்டும், அதற்கு வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மேல் வைத்து ஒலியை நிறுத்தப் பழகியாக வேண்டும். வரி ஓடும்போது ஒன்றும் வாசிக்காமல் இருப்பதும் வாசிப்பில் சேர்த்திதான். கை துறுதுறுவென்றால் இரண்டு சுரம் மட்டும், மெதுவாக, அவர் குரலுக்குக் கீழே.

அப்புறம் வால்யூம் பெடல். பாதி அழுத்தத்தில் மீட்டிவிட்டு, ஒலி தேயத் தேயக் காலை மெல்ல முன்னே கொண்டுபோங்கள். முதலிலேயே முழுக்க அழுத்திவிட்டால் நீட்டுவதற்கு மிச்சம் இருக்காது, மீட்டுகிற சத்தமும் பாட்டின் மேல் 'டங்'கென்று விழும்.

கேள்வி: தனியாக வாசிக்கும்போது சரியாக இருக்கும் சுருதி, பாட்டோடு சேர்ந்தால் பிசகுகிறதே?

பதில்: உலோகப் பார் ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கிட்டாரில் விரலைக் கோட்டுக்குப் பின்னால் வைத்த பழக்கம் இங்கே கெடுதல். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடும் ஏமாற்றும். கோடு இடத்தைக் காட்டும், அவ்வளவுதான், கடைசி மயிரிழையைக் காதுதான் சரிசெய்ய வேண்டும். பதற்றத்தில் பாரை வேகமாக ஆட்டிப் பிசகை மறைக்க வேண்டாம், முதலில் ஆட்டாமல் சுரத்தில் நின்று காட்டுங்கள். பாருக்குப் பின்னால் இருக்கும் விரல்களைக் கம்பிகள் மேல் படியவிட்டால் தேவையில்லாத ஓசையும் அடங்கும்.

கேள்வி: பாடகர் கடைசி நிமிடத்தில் ஸ்கேலை மாற்றினால் திணறுகிறேன்.

பதில்: உங்கள் வாத்தியத்தில் இது எளிது. சுரங்களை மனப்பாடம் செய்யாமல் இடங்களைப் பழகுங்கள். ஜி மேஜர் கார்டு, எந்தப் பெடலும் மிதிக்காமல், 3-ஆம் ஃபிரெட்டில் இருக்கிறது, ஏ பெடலோடு முழங்காலால் தள்ளும் எஃப் லீவரும் சேர்த்தால் 6-இல், ஏ, பி இரண்டு பெடலும் மிதித்தால் 10-இல். அதே 3-இல் ஏ, பி மிதித்தால் சி மேஜர், பெடலை விடாமல் 5-க்கு நகர்ந்தால் டி. ஏ ஸ்கேலில் பாடுகிறேன் என்றால் எல்லாவற்றையும் இரண்டு ஃபிரெட் மேலே தள்ளுங்கள், கால் செய்கிற வேலை மாறாது. பாடகரிடம் நீங்களே கேட்டு, ஒரே பாட்டை மூன்று ஸ்கேலில் பாடச் சொல்லி வாசித்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில் கை தானாகப் போகும்.