பென்ஷனும் புது சம்பளமும் சேரும்போது வரி எவ்வளவு?

கேள்வி: ராணுவத்தில் வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈஎம்இ பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து, வரும் மார்ச்சில் சுபேதாராக ஓய்வு பெறுகிறேன். வயது 48. ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஓசூரில் பாதுகாப்புத் தளவாட உதிரிபாகம் செய்யும் தனியார் கம்பெனியில் மேலாளர் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் 75,000. கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) போக பென்ஷன் 40,000 வரும். கையில் வரும் மொத்தப் பணத்தில் 8 லட்சம் கட்டி எம்பிஏ படிக்கலாமா? மீதிக்கு ரப்பர் தோட்டம் வாங்கச் சொல்கிறார் மச்சான்.

பதில்: சுபேதார் சார், வேலையில் சேருங்கள். மற்ற இரண்டும் இப்போது வேண்டாம்.

முதலில் வரி. ராணுவப் பென்ஷன் வழங்கும் ஸ்பர்ஷ் இணையதளம் வழியாக வரும் பென்ஷன் ஆண்டுக்கு 4.8 லட்சம், கம்பெனி சம்பளம் 9 லட்சம். தனித்தனியே 12 லட்சத்துக்குக் கீழ் என்பதால் இரண்டு பக்கமும் வரி பிடிக்க மாட்டார்கள். ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தம் 13.8 லட்சம். நிலையான கழிவு 75,000 ஒரு தடவைதான். 2025-26 புதிய வரி முறை விகிதத்தில் செஸ் என்ற கூடுதல் வரியோடு 78,780 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். முன்கூட்டிக் கட்டாவிட்டால் வட்டியும் சேரும். நம்மூரில் முன்னாள் ராணுவத்தினர் பலர் ஜூலையில்தான் இதைத் தெரிந்துகொண்டு திகைக்கிறார்கள். சேரும் அன்றே பென்ஷன் விவரத்தை எழுதிக் கொடுத்து, அதையும் சேர்த்து டிடிஎஸ் பிடிக்கச் சொல்லுங்கள். ஓசூர் வீட்டு வாடகைக்குப் புதிய முறையில் விலக்கு கிடையாது.

எம்பிஏ? ஒர்க்‌ஷாப், ஸ்டோர்ஸ், டிஜிக்யூஏ (பாதுகாப்புத் தளவாடத் தரச் சோதனை அமைப்பு) பரிசோதனை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதற்காகத்தான் அந்தக் கம்பெனி உங்களைக் கூப்பிடுகிறது. உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது விலைக் கணக்கும் ஒப்பந்தமும். உங்களைப் போன்ற ஜேசிஓக்களுக்கு, படையினர் மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆர் அரசுச் செலவிலேயே மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் விண்ணப்பியுங்கள்.

ஆர்டரை நம்பி ஓடும் கம்பெனி வேலை பட்டாள வேலை மாதிரி நிலையானது அல்ல. அதனால் எந்த ஈஎம்ஐ எடுத்தாலும் பென்ஷனுக்குள் அடங்க வேண்டும். சம்பளத்தை நம்பி எடுக்காதீர்கள்.

கம்யூட்டேஷன் பணம் கிராஜுவிட்டி மாதிரி இல்லை. அது உங்கள் அடுத்த 15 ஆண்டுப் பென்ஷனின் ஒரு பகுதி. குறைத்த அந்தப் பகுதி 63 வயதிலிருந்துதான் மாதப் பென்ஷனில் மறுபடி சேரும். அதை ரப்பரில் போட்டால், புதுக்கன்று பால் தரவே ஆறேழு வருஷம் ஆகும். பால் வெட்டும் மரமாகவே வாங்கினாலும், நீங்கள் ஓசூரில் இருக்கும்போது வெட்டுக்காரரை யார் கவனிப்பது? மச்சான் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனாலும் ஊரில் இல்லாதவருக்குத் தோட்டம் சரிப்படாது. இரண்டு வருஷம் வங்கி டெபாசிட்டில் வையுங்கள். ஓய்வுபெற்ற படையினர் 50 வயதிலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம், 2025-ல் வட்டி 8.2%. அந்த வட்டிக்கும் வரி உண்டு.

அப்புறம், மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே ராணுவ ஆவணத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் பார்ட் டூ ஆர்டர் (சொந்த விவர மாற்றங்களைப் பதியும் யூனிட் உத்தரவு) போட்டுத் திருத்துவது சர்வீஸில் இருக்கும்போது சுலபம். குடும்பப் பென்ஷன் அதை வைத்துத்தான் வரும்.