ஐந்து சென்டிம் முத்தம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லியோனில் வசிக்கிறேன். போன மாதம் இங்கே பழைய பொருள் சந்தையில் ஒரு ஷூ பெட்டி நிறைய பட அஞ்சலட்டைகள் வாங்கினேன். எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தையவை. மாதா கோயில், ரயில் நிலையம், கடற்கரை. ஒன்றில் தெரு நடுவே படகு போகிறது, வெனிஸ் போலிருக்கிறது. ஊர்வாரியாகப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டப் போகிறேன். தபால்தலைகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து மகனுக்குத் தரலாம் என்றிருக்கிறேன், அவன் ஸ்டாம்ப் சேர்க்கிறான். இந்த அட்டைகளிலிருந்து அந்தக் கால வரலாறு ஏதாவது கிடைக்குமா? விலை என்ன தேறும்? ஜெர்மன் அச்சுதான் உயர்ந்தது என்கிறார்களே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வெந்நீரை முதலில் கொட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

படகு ஓடுவது அநேகமாகப் பாரிஸில். 1910 ஜனவரிக் கடைசியில் செய்ன் நதி ஆஸ்டர்லிட்ஸ் பாலத்தில் 8.62 மீட்டர் வரை ஏறியது. தண்ணீர் வடிவதற்குள் அட்டைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. விலை எனக்கு முக்கியமில்லை. ஜெர்மன் அச்சு நல்ல அச்சுதான், இருக்கட்டும்.

படங்களில் வரலாறு இருக்கிறது. வெர்தன் பக்கத்தில் ஃப்ளூரி என்றொரு கிராமம் முதல் உலகப் போரின் 1916 சண்டையில் தரைமட்டமாகி, திரும்பக் கட்டப்படவே இல்லை. அந்தத் தெருவைப் பார்க்க இன்று அட்டைகளைத்தான் தேடவேண்டும். ஆனால் நீங்கள் ஆல்பத்தில் ஒட்டினால் மறையப்போவது எந்தப் பக்கம்? இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு அட்டையின் பின்பக்கத்தைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லையே. படிக்கவே இல்லையா?

பல வருடங்களுக்கு முன் லீல் நகரத்தின் செப்டம்பர் சந்தையில் எனக்கு ஒரு அட்டை கிடைத்தது. பெர்க் கடற்கரையிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையின் படம். எலும்புக் காசநோய் வந்த பாரிஸ் ஏழைப் பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், கடற்காற்றுதான் வைத்தியம். படத்தில் மாடி ஜன்னல் ஒன்றின் மேல் பேனாவால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். திருப்பினால், "மில் பெஸே த வொத்ர ஃபீய்." உங்கள் மகளின் ஆயிரம் முத்தங்கள். அவ்வளவுதான்.

1903 கடைசி வரை பிரான்சில் அட்டையின் பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். பிறகுதான் நடுவே கோடு போட்டு இடது பாதியைச் சேதிக்கு விட்டார்கள். என் அட்டையிலும் அந்தக் கோடு இருக்கிறது. இடது பாதி முழுவதும் அந்தப் பெண்ணுக்கு இருந்தும் ஏன் ஒரே வரி?

அந்த வரியைப் பிரெஞ்சில் எண்ணிப் பாருங்கள். சரியாக ஐந்து சொல். அந்தக் காலத்தில் ஐந்து சொல்லுக்குள் வாழ்த்து மட்டும் எழுதினால் தபால் கட்டணம் 5 சென்டிம் (ஒரு ஃபிராங்கில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்டிம்), கூடினால் 10 சென்டிம். ஐந்துக்குப் பச்சைத் தபால்தலை, பத்துக்குச் சிவப்பு. பச்சை ஒட்டியிருந்தால், வலிக்கிறது என்றோ எப்போது வருவீர்கள் என்றோ எழுதக் காசில்லாமல் அவள் சொல்லை எண்ணி நிறுத்தினாள். சிவப்பு என்றால், எழுத இடமும் காசும் இருந்தும் அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வீடுகள், வேறு வேறு குழந்தைகள்.

எனக்கு எது என்று தெரியாது. யாரோ ஒருவர் தன் ஆல்பத்துக்காகத் தலையை நனைத்து உரித்துவிட்டார். அந்த இடத்தில் வெளுத்த சதுரம் ஒன்று இருக்கிறது. அதோடு தேதி குத்திய தபால் முத்திரையும் போயிற்று, ஓரத்தில் பாதி வட்டம்தான் மிச்சம், வருடம் இல்லை. ஈரம் பட்டு ஊதா மை கசிந்து "ஃபீய்" என்ற சொல்லை மங்கலாகத்தான் படிக்க முடிகிறது. எத்தனையோ இரவு அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு செல்லாத தலைக்காக அந்தப் பெண்ணிடமிருந்து நிறத்தையும் தேதியையும் பறித்துக்கொண்டார்கள். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே நீங்கள் ஒரு பெட்டி முழுக்கச் செய்யப் போவதாகச் சொல்கிறீர்கள்!

மகனுக்குத் தனியாக ஸ்டாம்ப் வாங்கிக் கொடுங்கள். அவை மலிவாகவே கிடைக்கும். இந்த அட்டைகளைக் கோந்து படாமல், இரண்டு பக்கமும் தெரியும் கண்ணாடித் தாள் உறைகளில் போடுங்கள். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் படியுங்கள். பழங்காலக் கையெழுத்து முதல் வாரம் புரியாது, அப்புறம் கண் பழகிவிடும். உங்களைவிட அவன் சீக்கிரம் படித்துவிடுவான்.

அந்தப் படகு அட்டையின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது? தலை பச்சையா, சிவப்பா? இன்றைக்கே எழுதுங்கள்.