கயிற்றைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 51. அம்பாசமுத்திரம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். குடி, சீட்டு என்று ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. காலையில் ரெண்டு பேப்பர் படிப்பேன், மனதில் பட்டதைச் சொல்வேன். அதுதான் இப்போது குற்றமாகிவிட்டது.

இந்த ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எங்கள் குடும்பம் மொத்தமும் போனது, என்னைத் தவிர. அப்பா காலத்திலிருந்து எல்லோரும் சேர்ந்து போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். அண்ணன் வேன் பிடித்திருக்கிறார். எனக்கு முந்தின நாள் ராத்திரிதான் தகவல். "வேன்ல இடம் இல்லடே, நீ பைக்ல வந்துரு" என்றார். இந்த வயதில் நான் வேனுக்குப் பின்னாலேயே பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். போகவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் கட்சி வேறு, என் கட்சி வேறு. பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை கொடுப்பது சரியா தப்பா என்று ஒரு நல்லநாளில் பேச்சு வந்தது. நான் கணக்கோடு பேசினேன். அவனோ, "உரத்துக்கு மானியம் வந்தா இனிக்குது, பொம்பளைக்குக் குடுத்தா கசக்குதா அத்தான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். அத்தனை பேரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட. நெல்லைக்கு வந்தே பாரத் ரயில் வந்தது யாரால் என்பதிலும் இதே கதைதான்.

நான் சொல்வது எல்லாம் தப்பா? கேரளாவிலிருந்து குப்பை லாரி நம் பக்கம் வருகிறது என்று எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "உனக்கு வேற வேலை இல்லையா" என்றார் அண்ணன். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் மருத்துவக் கழிவைக் கொட்டியது வெளியே வந்து, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு ஒருத்தராவது "நீ சொன்னது சரிதான்" என்று சொன்னார்களா? இல்லை. அதைக் குடும்ப குரூப்பில் எழுதியதற்குத்தான் என்னை குரூப்பை விட்டே தூக்கினார்கள். இப்போது மச்சினனுக்குத் தனியாக எழுதுகிறேன். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பாயிண்ட் பாயிண்ட்டாக எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டு விடுகிறான். அவன் வீட்டுக்கு நாங்கள் யாரும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். சின்னவனுக்கும் கொஞ்சம் வருத்தம், மாமா மாமா என்று அவன் பின்னாலேயே திரிந்தவன், கன்னடியன் கால்வாயில் நீச்சல் பழக்கிவிட்டதே மாமன்தான். ப்ளஸ் ஒன் போனதிலிருந்து ஆள் மாறிவிட்டான். கையில் ரெண்டு கலரில் ஒரு கயிறு கட்டியிருக்கிறான், மனைவிதான் பார்த்துச் சொன்னாள், கேட்டால் கோயில் கயிறு என்கிறான். போன மாதம் பஸ்ஸில் சீட்டுக்கு வேறு தெருப் பையனோடு தகராறு, சட்டை கிழிந்து வந்தான். வகுப்பாசிரியர் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கார் நடவு நேரம், யூரியாவுக்கு ஆள் நிற்கிறது, போக முடியவில்லை. ஆம்பளைப் பையன்கள் என்றால் அப்படி இப்படித்தான் இருப்பார்கள். எவன் எதிர்த்துப் பேசினாலும் விட்டுக்கொடுத்துட்டு வராதே என்று மட்டும் சொல்லிவைத்தேன். அது கிடக்கட்டும்.

என் கேள்வி இதுதான். சொந்த அண்ணனே இடமில்லை என்று சொன்ன பிறகு, இவர்கள் முகத்தில் நான் முழிக்க வேண்டுமா? மனதில் பட்டதைப் பேசுவது தப்பா?

ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்

*

அண்ணாச்சி,

உங்கள் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறேன். மனதில் பட்டதைப் பேசுவது தப்பில்லை. கழிவு லாரி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, அதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அண்ணன் நடந்துகொண்டதும் சரியில்லை. ஆனால் மானியம் பற்றி மச்சினன் கேட்டது நல்ல கேள்வி. உங்கள் நீண்ட கடிதத்தில் அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

இவ்வளவு போதும். இனி, "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். அது கிடக்கக் கூடாது.

மகன் கையில் கயிறு. ரெண்டு கலர் என்று எழுதியிருக்கிறீர்கள், என்னென்ன கலர் என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்கும் தெரியும். கோயில் கயிறு எது, தெருமுனையில் அண்ணன்மார் கட்டிவிடுகிற கயிறு எது என்று நம் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 'வேறு தெருப் பையன்' என்று நீங்கள் எழுதியிருப்பதையும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், ரெண்டு பேப்பர் படிக்கிறவர் நீங்கள். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சமூகப் பையனை, அவனோடு படித்தவர்களே ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்கூடத்துக்குள் கூடாது என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரை செய்தது. வெட்டிய பிள்ளைகள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அப்பாக்கள் உண்டு. "ஆம்பளைப் பையன்கள் அப்படி இப்படித்தான்" என்று அவர்களும் ஒருநாள் சொல்லியிருப்பார்கள்தானே?

உங்கள் மகன் அந்த இடத்துக்குப் போய்விட்டான் என்று நான் சொல்லவில்லை. கயிறு கட்டுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பயத்தில் கட்டுகிறார்கள். பஸ்ஸில் தனியாக நிற்கப் பயம், நாலு பேர் தனக்கு இருக்கிறார்கள் என்று காட்டிக்கொள்ள ஆசை. என்னிடம் வந்து பேசிய பிள்ளைகள் பலரும் "கட்டலைன்னா நம்ம பயலுகளே கேலி பண்ணுவாங்க மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கயிற்றை விட, அதைக் கட்டிவிட்டது யார் என்பதுதான் எனக்குக் கவலை. சாயங்காலம் யார் பைக்கில் வருகிறான், யார் பரோட்டா வாங்கிக்கொடுக்கிறார்கள், யாருடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் இவன் படம் சின்னதாக இருக்கிறது? ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா?

ஒரு பையனுக்குப் பதினாறு வயதில் அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் வேண்டும். நம் பக்கம் காலங்காலமாக அது தாய்மாமன்தான். உங்கள் மகனுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். உரிமைத்தொகையும் வந்தே பாரத்தும் பேசி அந்த வீட்டு வாசலை நீங்கள் அடைத்தீர்கள். அடைத்தது உங்களுக்கும் மச்சினனுக்கும் நடுவில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே தினமும் போய்க்கொண்டிருந்தவன் உங்கள் மகன். மாமன் இருந்த இடம் காலியானது, யாரோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இதை ஊகமாகத்தான் சொல்கிறேன், தப்பாக இருந்தால் எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் 'கொஞ்சம் வருத்தம்' என்று நீங்கள் எழுதியதற்கு அடுத்த வரியிலேயே 'ஆள் மாறிவிட்டான்' என்றும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உறைக்கிற மாதிரியே சொல்கிறேன். ஆசிரியர் ரெண்டு தடவை கூப்பிட்டும் போக நேரமில்லை. மச்சினனுக்குப் பதில் எழுத ராத்திரி பதினொரு மணி வரை நேரம் இருந்திருக்கிறது. விட்டுக்கொடுத்துட்டு வராதே என்று அவனிடம் சொன்னீர்கள், சரி. எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னீர்களா? பஸ் சீட்டையா, கட்சியையா, தெருப் பெருமையையா? நீங்கள் சொல்லாததால் எல்லாவற்றையும் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம். சொந்த மச்சினனோடு ஒரு ரயிலுக்காகப் பேச்சை முறித்த அப்பாவைத்தானே அவன் தினமும் பார்க்கிறான்?

உங்களை யாரும் கேட்கவில்லை என்பது உண்மையான வலி. கடை, குடும்பம் என்று இத்தனை வருடம் உழைத்தவருக்கு, வீட்டில் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அது அரசியலில் ஜெயித்தால் கிடைக்கும் என்று எப்படியோ ஒரு நினைப்பு உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவர்கள் ஒதுங்கவில்லை. உங்கள் முன்னால் யாருக்கும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிவதில்லை, அதனால் ஒதுங்குகிறார்கள். உங்கள் மகனும் அந்த வரிசையில் நிற்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. நாளைக்கே கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், உங்கள் மனைவியோடு. கயிற்றை முதலில் கவனித்தவர் அவர்தான், அவருக்கு இன்னும் தெரிந்திருக்கும். ஆசிரியர் சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள், நடுவில் நம் பையன் பக்கம் நியாயம் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்து கயிற்றை அறுக்கவும் வேண்டாம். அறுத்தால் மறுநாள் சட்டைக் கைக்குள் வேறொன்று இருக்கும். அந்தப் பஸ் பையனின் பெயர் என்ன, அவனுக்கும் அடிபட்டதா என்று மட்டும் கேளுங்கள். அவன் உடனே பேச மாட்டான். அதற்காக நீங்கள் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்புறம் மச்சினன். அவரோடு நீங்கள் சமாதானம் ஆக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மகனை ஞாயிற்றுக்கிழமை அங்கே அனுப்புங்கள். அதற்கு முன்னால் மச்சினனுக்கு ஒரு போன் போட்டு, பையன் விஷயம் கவலையாக இருக்கிறது, நீ கொஞ்சம் பேசிப் பார் என்று சொல்லிவிடுங்கள். எழுத வேண்டாம், பேசுங்கள். மிரட்டல், ஆயுதம் என்று ஏதாவது காதில் விழுந்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், அது எதிர்த்தரப்புப் பிள்ளைக்கு வந்த மிரட்டலாக இருந்தாலும்.