கரிக்கட்டம்

வணக்கம் சார். எனக்கு 26 வயது. வேளச்சேரியில் தங்கி வேலை பார்க்கிறேன். கல்லூரியோடு விட்டுப்போன ஃபுட்பாலை மறுபடி தொட்டிருக்கிறேன். டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) வாடகைக்கு எடுக்கப் பத்துப் பேர் சேர வேண்டும். அபார்ட்மென்ட் சுவரில் அடித்தால் அசோசியேஷனில் சண்டை. தனியாகச் சுவரில் அடித்துப் பழக, யாரும் பார்க்காத பொது இடம் சென்னையில் எங்கே கிடைக்கும்? இந்த வயதில் இதனால் பயன் உண்டா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் பெரம்பூர் பக்கம் போயிருந்தேன். சின்ன வயதில் நான் பந்தடித்த சுவர் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். அந்த நினைப்பு மனதிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பயன் உண்டா என்றெல்லாம் கேட்காதீர்கள். 1998 ஃபுட்பால் உலகக் கோப்பைக் கால் இறுதி, பிரான்ஸின் மார்செய் நகரம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், வெகுதூரத்திலிருந்து நெதர்லாந்தின் டி போயர் தூக்கிப்போட்ட பந்தை அதே அணியின் பெர்க்காம்ப் காற்றிலேயே காலில் இறக்கினார். அடுத்த தொடலில் அர்ஜென்டினாவின் அயலாவைக் கடந்தார், மூன்றாவதில் கோல். சிறுவனாக இருந்தபோது தனியாகச் சுவரில் அடித்து, பந்து எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த முதல் தொடலில் எனக்குச் சுவர்தான் தெரிகிறது. வயதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ஆனால் ‘யாரும் பார்க்காத இடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். எதற்கு ஒளிய வேண்டும்? திருட்டு வேலையா செய்கிறீர்கள்? சென்னையில் ஆள் இல்லாத சுவர் கிடையாது. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வாட்ச்மேன், ஒரு ஆயா, ஒரு டீக்கடைக்காரர் இருக்கிறார். அவரிடம் போய் வாயைத் திறந்து கேட்டால்தான் சுவர் கிடைக்கும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, இடம் இல்லை என்று ஊரைக் குறை சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். மாநகராட்சி விளையாட்டுத் திடலின் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள். ஜன்னலும் மீட்டர் பெட்டியும் இருக்கக் கூடாது, பின்னால் ரோடு இருக்கக் கூடாது. சொரசொரப்பான சுவர் பந்தின் தோலை உரித்துவிடும். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா பந்தை எடுத்துக்கொண்டுபோய் அரிவாள்மனையில் இரண்டாகப் பிளந்து வெளியே போட்டார். மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கிய பந்து. அழுதுகொண்டு நின்றவனை எதிரே இருந்த குடோனின் வாட்ச்மேன் தாத்தா கூப்பிட்டார். “நாலு மணிக்கு லாரியெல்லாம் போயிடும். அப்புறம் பின்பக்கச் சுவத்துல அடி. விளக்கு வெச்சா வீட்டுக்குப் போயிடணும்” என்றார்.

சுண்ணாம்பு அடித்த சுவர் அது. மண்ணில் உருண்ட பந்து பட்ட இடத்திலெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழும். தாத்தா பந்தைத் தொட்டதே இல்லை. ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வலது கால் அடிச்சதெல்லாம் ஒரு தாம்பாளத்துக்குள்ள நிக்குது. இடது கால் ஊரு சுத்துது பாரு.” பார்த்தேன். உண்மைதான். ஒரு தடம் முழங்கால் உயரத்தில், ஒன்று தலைக்கு மேலே, ஒன்று குழாயை ஒட்டி. அன்றைக்கே கரித்துண்டால் சுவரில் ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் விழுகிறவரை இடது கால் மட்டும்தான் என்றார். கார்த்திகை முழுக்க, மழை விட்ட நாளெல்லாம் அடித்தேன். அவர் பீடியைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே இருப்பார்.

யாரும் பார்க்காத இடத்தில் அடித்திருந்தால் என் இடது காலைப் பற்றி எனக்கு யார் சொல்லியிருப்பார்கள், எஸ்.?

பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். தடம், கட்டம் எல்லாம் மறைந்துபோனது. மாட்டுப் பொங்கல் கழிந்து போய்ப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பின் மேல் தாத்தா மறுபடி கட்டம் போட்டு வைத்திருந்தார், முன்னதைவிடச் சின்னதாக.