எண்ணெய் வளம் இல்லாத ஒரு ரஷ்யத் தொழில் மாகாணம் முதலீட்டை எப்படி இழுக்கிறது? வரிச்சலுகை கொடுத்தால் போதுமா?

போதாது. ஆலை கட்ட வருபவரின் பட்டியலில் வரிச்சலுகை நான்காவது ஐந்தாவது இடத்தில்தான் இருக்கும். முதலிடம் மனைக்கு: மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய், சாலை எல்லாம் வேலி வரைக்கும் வந்து நிற்கிற மனை. இதற்கு ரஷ்யாவில் அதிகம் பேசப்படும் உதாரணம் கலூகா மாகாணம். அது எங்கே ஜெயித்தது, எங்கே அடிபட்டது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

கலூகா மாஸ்கோவுக்குத் தென்மேற்கே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 10 லட்சம். சோவியத் காலத்தில் டர்பைன் ஆலையும் ராணுவத் தளவாட ஆலைகளும் நிறைந்த பகுதி. உலகின் முதல் அணுமின் நிலையம் 1954இல் மின்தொகுப்போடு இணைந்ததும் இந்த மாகாணத்தின் ஓப்னின்ஸ்க் ஊரில்தான். 1990களில் ராணுவ ஆர்டர்கள் வற்றியதும் ஆலைகள் படுத்துவிட்டன. கைத்திறன் உள்ள தொழிலாளிகள் மட்டும் மிஞ்சினார்கள். 2000இல் ஆளுநராக வந்து 2020 வரை இருந்த அனத்தோலி அர்த்தமோனவ் காலத்தில்தான் காற்று திரும்பியது.

வெற்றியில் மாகாணத்தின் பங்கைப் பலரும் ஊதிப் பெரிதாக்குவார்கள். அடித்தளம் போட்டது மாஸ்கோவில் உள்ள மத்திய அரசு. 2005 மார்ச்சில் வந்த 166ஆம் எண் அரசாணை, ஆண்டுக்குக் குறைந்தது 25,000 கார் செய்யும் திறனோடு ஆலை கட்டினால் உதிரிபாக இறக்குமதி வரி குறைக்கப்படும் என்றது. அதன் பிறகு ரஷ்யச் சந்தை வேண்டும் என்ற கார் நிறுவனத்துக்கு ரஷ்யாவில் எங்காவது கொட்டகை போட்டே ஆகவேண்டிய நிலை. டொயோட்டாவும் நிசானும் சென்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போயின. ஃபோக்ஸ்வாகன் 2006 மே மாதம் கலூகாவோடு ஒப்பந்தம் போட்டு, 2007 நவம்பரில் கிராப்த்செவோ தொழிற்பேட்டையில் ஆலையைத் திறந்தது. பதினெட்டு மாதம்! அந்த வேகம்தான் விளம்பரம். அடுத்து சாம்சங் தொலைக்காட்சி ஆலை, வால்வோ லாரி, ரோஸ்வா பேட்டையில் பெஜோ-சிட்ரோயன்-மிட்சுபிஷி, வோர்சினோ பேட்டையில் லோரியல், பிறகு நோவோ நோர்டிஸ்க், அஸ்ட்ராசெனெக்கா என்று வரிசை கட்டின.

அந்த வேகம் எப்படி வந்தது?

வேலையைப் பிரித்தார்கள். நிலம், குழாய், கம்பி, கடன் எல்லாம் மாகாணத்துக்குச் சொந்தமான ‘வளர்ச்சிக் கழகம்’ ஒன்றின் பொறுப்பு. முதலீட்டாளரை விமான நிலையத்தில் வரவேற்பது முதல் அனுமதித்தாள் வாங்குவது வரை தனி முகமை. சரக்கு, சுங்கம் பார்க்க இன்னொரு நிறுவனம். இவற்றுக்கு மேலே முடிவெடுக்கும் ஒரே ஆள், ஆளுநர்; தன் கைப்பேசி எண்ணையே முதலீட்டாளர்களுக்குக் கொடுப்பார் என்று ரஷ்யப் பத்திரிகைகள் எழுதின. ‘ஒற்றைச் சாளரம்’ என்று பலகை மாட்டுவது எளிது. சாளரத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு மின்வாரியத்தையோ எரிவாயு நிறுவனத்தையோ அதட்டும் அதிகாரம் இல்லை என்றால், அது இன்னொரு தபால் பெட்டி. பல மாகாணங்கள் கலூகாவின் பலகையை மட்டும் நகலெடுத்துத் தோற்றன.

மனை தயாரிப்பில் கால் இடறும் இடங்கள் இவை. ரஷ்ய நிலச் சட்டம் நிலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் விவசாய வகை. அதைத் தொழில் வகைக்கு மாற்றாமல் ஒரு கல் வைக்க முடியாது. வகைமாற்றம், நகரமைப்பு வரைபடத்தில் சேர்ப்பு, நிலப் பதிவேட்டில் உட்பிரிவு, இத்தனையையும் முதலீட்டாளர் வருவதற்கு முன்பே முடித்து வைக்கவேண்டும். வந்த பிறகு தொடங்கினால் அவர் அடுத்த மாகாணத்துக்குப் போய்விடுவார். பிறகு வடிவமைப்பு, நிபுணர் குழுச் சரிபார்ப்பு, கட்டட அனுமதி, முடிவில் இயக்க அனுமதி.

மின்சாரத்தில்தான் பெரும்பாலான பேட்டைகள் மாட்டிக்கொள்கின்றன. தொழிற்பேட்டைகளுக்கான மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு விதி கேட்பது குறைந்தது 8 ஹெக்டேர் நிலமும் 2 மெகாவாட் மின்திறனும். 2 மெகாவாட் என்பது தையல் கூடத்துக்கும் பொட்டலம் கட்டும் ஆலைக்கும் போதும். உருக்கு வார்க்கவோ டயர் சுடவோ வருபவர் கேட்பது பல பத்து மெகாவாட். துணைமின் நிலையத்துக்கு மின்மாற்றி ஆர்டர் செய்து வந்து சேரவே ஓராண்டுக்கு மேல் ஓடிவிடும். ‘பக்கத்திலேயே உயரழுத்தக் கம்பி போகிறது’ என்ற பேச்சை நம்பக்கூடாது. கம்பி போகும், அதில் மிச்சத்திறன் இருக்காது. எத்தனை மெகாவாட், எந்தத் துணைமின் நிலையத்தில், எந்தத் தேதிக்குள் என்று மின்வாரியம் எழுதிக் கொடுத்த தொழில்நுட்ப நிபந்தனைக் கடிதம்தான் ஆதாரம். எரிவாயுவிலும் இதே கதை: குழாய் வேறு, அதில் உங்களுக்கான ஒதுக்கீடு வேறு.

இன்னொன்று, குளிர். மத்திய ரஷ்யாவில் மண் ஏறத்தாழ 1.2 முதல் 1.5 மீட்டர் ஆழம்வரை உறையும். தண்ணீர்க் குழாயும் அடித்தளமும் அதற்குக் கீழே இறங்கவேண்டும். குழி வெட்டும் வேலை இலையுதிர் காலத்துக்குள் முடியாவிட்டால் ஒன்று அடுத்த வசந்தம்வரை காத்திருப்பு, இல்லை உறைந்த மண்ணைச் சூடேற்றிக் கொத்தும் செலவு. ஆகையால் அனுமதி ஆகஸ்டில் வந்தாலும் டிசம்பரில் வந்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கும் அதிகாரி முதலீட்டாளருக்கு அரை ஆண்டு நட்டம் வைக்கிறார்.

சரி, இத்தனைக்கும் பணம்? கலூகா வளர்ச்சிக் கழகம் அரசின் வளர்ச்சி வங்கியான வினெஷ்எகனோம்பாங்கில் கடன் வாங்கிப் பேட்டைகளைக் கட்டியது. கடன் அடைவது எந்த வரியிலிருந்து என்று பார்த்தால்தான் மொத்த வித்தையும் விளங்கும்.

லாப வரி 2025 முதல் 25%. அதில் 8 மத்திய அரசுக்கு, 17 மாகாணத்துக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புது ஆலை முதல் ஐந்தாறு ஆண்டு தேய்மானமும் வட்டியும் கழித்து லாபமே காட்டாது. சொத்து வரி அதிகபட்சம் 2.2%, 2019 முதல் அசையும் சொத்து அதில் வராது. நவீன ஆலையின் மதிப்பில் பெரும்பகுதி இயந்திரம் என்பதால் வரி விழுவது கட்டடத்தின் மேல் மட்டும். அதிலும் சலுகை கொடுத்திருப்பார்கள். ஆக முதல் நாளிலிருந்து நிச்சயமாக வருவது ஒன்றே ஒன்று, ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி.

ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். 1,000 ஊழியர், மாதச் சம்பளம் 60,000 ரூபிள். ஆண்டுச் சம்பளம் 72 கோடி ரூபிள். அதில் 13% என்றால் 9.36 கோடி. இதில் 85% மாகாணக் கஜானாவுக்கு, மீதி உள்ளாட்சிக்கு. மாகாணத்துக்கு ஏறத்தாழ 8 கோடி. பேட்டைக்கு 100 கோடி ரூபிள் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த உள்கட்டமைப்புக் கடன் 3% வட்டி, 15 ஆண்டு. வட்டி 3 கோடி போக 5 கோடி அசலுக்கு மிஞ்சுகிறது. சம்பள வரி ஒன்றே முக்கால்வாசிச் சுமையைத் தூக்கிவிடும். அதே கடனை வங்கியில் 16% வட்டிக்கு வாங்கியிருந்தால் வட்டியே 16 கோடி. வரும் 8 கோடி வட்டியில் பாதிக்குத்தான் காணும். ரஷ்ய மத்திய வங்கி 2024 அக்டோபரில் அடிப்படை வட்டியை 21% ஆக்கியபோது, மலிவுக் கடன் இல்லாத மாகாணங்களின் பேட்டைத் திட்டங்கள் காகிதத்திலேயே ஏன் நின்றன என்பதற்கு இந்தச் சின்னக் கணக்கு போதும்.

இந்த வரியில் ஒரு கொக்கி உண்டு. அது ஊழியர் குடியிருக்கும் மாகாணத்துக்குப் போகாது, வேலை தருபவரின் மாகாணத்துக்குப் போகும். ஓப்னின்ஸ்கிலிருந்து காலை ரயிலேறி மாஸ்கோவில் வேலை பார்ப்பவரின் வரி மாஸ்கோவுக்கு. அவர் பிள்ளையின் பள்ளிச் செலவு கலூகாவுக்கு. ஆகவே உள்ளூரில் வேலை உண்டாக்குவது கலூகாவுக்கு அரசியல் ஆசை மட்டுமல்ல, கஜானாவின் கட்டாயம். அதற்காகவே ஆயிரம் பேருக்கு வேலை தரும் ஆலையையும், நூறு பேரை வைத்துக்கொண்டு மலைபோல் மின்சாரம் இழுக்கும் ஆலையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. முதலீட்டுத் தொகையை மட்டும் பார்த்து மாலை போடும் மாகாணங்கள் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்த தட்டுப்பாடு ஆள். 10 லட்சம் மக்கள் உள்ள இடத்தில் மூன்று வாகன ஆலைகளும் அவற்றின் உதிரிபாக ஆலைகளும் வந்தால் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள். வோர்சினோ மாஸ்கோவுக்கு அருகில் என்பதால் சரக்குக்கு லாபம், சம்பளத்துக்கு நட்டம். தலைநகரச் சம்பளத்தோடு போட்டி. வாகனத் தொழிலுக்கென்று பயிற்சி மையம் திறந்து, வகுப்பறையையும் ஆலைத்தளத்தையும் சேர்த்த ஜெர்மானிய முறைப் பயிற்சியைக் கொண்டுவந்தது சரியான முடிவு. சம்பளத் தகராறும் வந்தது. 2012இல் உதிரிபாக ஆலை ஒன்றில் வேலைநிறுத்தமே நடந்தது.

அரசு மதிப்பீடுகளில் கலூகா முன்வரிசையில் நின்றது உண்மை. 2014இல் வந்த முதல் தேசிய முதலீட்டுச் சூழல் தரவரிசையில் முதலிடம். ஆனால் அதே ஆண்டில்தான் பலவீனமும் வெளிவந்தது. எல்லா முட்டையும் கார்க் கூடையில் இருந்தது. 2012இல் ரஷ்யாவில் 29 லட்சம் புதுக்கார் விற்றது. 2016இல் சுமார் 14 லட்சம். ரூபிள் சரிந்ததும் இறக்குமதி உதிரிபாகம் விலையேறியது, கலூகா ஆலைகள் ஷிஃப்டைக் குறைத்தன, மாகாணத்தின் வரி வருமானமும் கூடவே இறங்கியது. கடன் தவணை மட்டும் இறங்கவில்லை. மருந்து ஆலைகளும் உணவு ஆலைகளும் அந்த ஆண்டுகளில் தாக்குப்பிடித்ததைப் பார்த்தபின்தான் மற்ற துறைகளின் மதிப்பு புரிந்தது.

உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில் வந்தது அதைவிடப் பெரிய அடி. ஃபோக்ஸ்வாகன் உற்பத்தியை நிறுத்தி, 2023 மே மாதம் ஆலையை ரஷ்ய நிறுவனத்துக்கு விற்று வெளியேறியது. இதிலிருந்து புது முதலீட்டாளர் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: நுழையும்போதே வெளியேறும் செலவைக் கணக்குப் போடு. ‘நட்பற்ற’ நாடு என்று ரஷ்யா பட்டியலிட்ட நாட்டின் நிறுவனம் விற்றுவிட்டுப் போக அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். 2024 அக்டோபர் விதிப்படி சந்தை மதிப்பில் குறைந்தது 60% தள்ளுபடி, அதோடு அந்தச் சந்தை மதிப்பில் 35% அரசுக்குக் கட்டணம். இப்படி ஒரு விதி இருக்கும்போது எந்த மாகாண ஆளுநர் எந்தச் சலுகையைக் கொடுத்தாலும் ஐரோப்பிய நிறுவனத்தின் இயக்குநர் குழு கையெழுத்திடாது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் அமெரிக்கா வெளிநாட்டு வங்கிகளுக்கும் தடை மிரட்டல் விடுத்தபின் பணம் அனுப்புவதே தலைவலி. ஆலைக்கு இடம் பார்ப்பதற்கு முன் உங்கள் வங்கியிடம் பேசுவது நல்லது.

சட்டக் கருவிகள் குறையவில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் (கலூகாவுக்கு 2012 டிசம்பரில் லியுதினொவோவில் கிடைத்தது) குறைந்தது 12 கோடி ரூபிள் முதலீடு, அதில் 4 கோடி முதல் மூன்றாண்டுக்குள்; இயந்திரங்களைச் சுங்கவரியும் மதிப்புக்கூட்டு வரியும் இல்லாமல் கொண்டுவரலாம். பெரிய திட்டத்துக்குச் சிறப்பு முதலீட்டு ஒப்பந்தம்: முதலீடு 5,000 கோடி ரூபிள் வரை என்றால் ஒப்பந்தக் காலம் 15 ஆண்டு வரை, அதற்கு மேல் என்றால் 20 ஆண்டு வரை. வெளிநாட்டு நிபுணரை ‘உயர்தகுதி’ வகையில் அழைத்துவர 2024 மார்ச் முதல் காலாண்டுக்கு 7.5 லட்சம் ரூபிள் சம்பளம் காட்டவேண்டும். சின்ன நிறுவனத்துக்கு இது பாரம்.

இப்போது கலூகா மாதிரி மாகாணம் விற்கும் சரக்கு வெற்று மனை அல்ல, காலியான ஆலை. முன்னாள் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2025 முதல் சீனத் தொழில்நுட்பத்தில் ‘டெனெட்’ கார்கள் வருகின்றன. கார் ஆலையில் அதிகம் செலவு பிடிப்பது வண்ணப்பூச்சுக் கூடம். அது இருந்த ஆலைக்கு ஆள் கிடைத்தது. அது இல்லாத, வெறும் பூட்டி முடுக்கும் கொட்டகைகளைக் கிடங்காக வாடகைக்கு விடலாம், அவ்வளவுதான். கிடங்கில் ஆயிரம் பேர் வேலை பார்ப்பதில்லை. மேலே போட்ட சம்பள வரிக் கணக்கை அந்த எண்ணிக்கைக்குத் திரும்பவும் போட்டுப் பாருங்கள்.