கையில் வலு இருந்தும் டம்ளர் ஏன் நழுவுகிறது?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு வருடங்களுக்கு முன்பு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) இருப்பதாகச் சொன்னார்கள். வலது கையில் மதமதப்பு தங்கிவிட்டது. டாக்டர் சோதித்துவிட்டு, வலு நன்றாக இருக்கிறது என்கிறார். சமீபத்திய மூளை எம்.ஆர்.ஐ.யிலும் புதிய புள்ளி இல்லை. ஆனால் பார்க்காமல் பட்டன் போட முடியவில்லை, டம்ளர் நழுவுகிறது. உடம்பு சூடானால் இன்னும் மோசம். சாயங்காலம் ஆனதும் துவண்டுவிடுகிறேன். வீட்டில் 'எல்லாம் மனசுதான்' என்கிறார்கள். இனி கையை அதிகம் பயன்படுத்தாமல் விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. வலு சரியாக இருந்தும் கை பேச்சைக் கேட்காமல் போவது இந்த நோயில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

கையை அசைக்க மூளை கட்டளை போட்டால் மட்டும் போதாது. விரல் நுனியும் தசையும் மூட்டும் தாங்கள் இருக்கும் நிலையை ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தகவல் தண்டுவடத்தின் பின்புறக் கற்றைகள் வழியே ஏறி, மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதியைத் தொட்டு, மூளையின் உணர்வுப் பகுதிக்குப் போகிறது. சிறுமூளைக்குத் தனி வழி உண்டு. டம்ளர் லேசாக வழுக்கத் தொடங்கினால், நாம் கவனிப்பதற்கு முன்பே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி இறுகிவிடும். உணர்வு தாமதமாக வந்தால் பிடியும் தாமதமாகத்தான் இறுகும். அதற்குள் டம்ளர் கீழே.

தாமதத்துக்குக் காரணம், நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறை சிதைவது. அந்த உறை போர்த்திய பருத்த நரம்பிழையில் செய்தி நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல் ஓடும். எம்.எஸ். நோயில் நம் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் வேகம் மிகவும் குறையும், சில சமயம் செய்தி அங்கேயே நின்றுவிடும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இப்படி ஒரு புண் வந்து, வலு இருந்தும் கை உதவாமல் போவதை ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் விவரித்திருக்கிறார். 'ஓப்பன்ஹைமின் பயனற்ற கை' என்றே அதற்குப் பெயர். உங்களுடையது அதன் லேசான வடிவமாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று உங்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். தண்டுவடத்தில் இருக்கும் சின்னப் புள்ளி ஒரு கையையே முடக்கலாம், மூளையில் இருக்கும் பெரிய புள்ளி ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். 'புதிய புள்ளி இல்லை' என்றால் புதிய தாக்குதலின் தடயம் தெரியவில்லை என்றுதான் பொருள். பழைய சேதம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையின் மேற்பட்டையில் வரும் புண்கள் பலவற்றை வழக்கமான ஸ்கேன் காட்டுவதும் இல்லை.

அப்புறம், அந்த அசதி. வலது கை விரலை அசைக்க ஆரோக்கியமானவருக்கு முக்கியமாக இடது மூளையின் இயக்கப் பகுதி வேலை செய்யும். எம்.எஸ். உள்ளவர்களை, மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேனில் பார்த்தால், அதே சின்ன அசைவுக்கு இரண்டு பக்கமும் கூடுதல் பகுதிகள் விழித்துக்கொள்வது தெரிகிறது. பழுதான பாதையை ஈடுகட்ட மூளை சுற்றுவழியில் போகிறது. பட்டனைக் கண்ணால் பார்த்துப் போடுகிறீர்களே, அதுவும் இதே ஈடுகட்டல்தான். இது நல்ல விஷயம், ஆனால் கூடுதல் உழைப்பு. நழுவிவிடுமோ என்று பொருளைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதும் சேர்ந்தால் சாயங்காலத்துக்குள் துவண்டுபோவதில் ஆச்சரியம் இல்லை. இருந்தாலும் தூக்கக் குறைவு, மனச்சோர்வு, ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். அவை சரிசெய்யக் கூடியவை.

எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடலை வருத்தி உழைத்தால் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவிட்டார். அதற்குக் காரணம் உடல் சூடு என்பது பின்னர்தான் தெரிந்தது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே, உறை இழந்த நரம்பில் செய்தி தடுமாறும். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும், புதிய சேதம் எதுவும் ஆவதில்லை. ஆனால் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமல், புதிதாக ஒரு தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, கையை ஓய்வாக விட்டுவிடலாமா? வேண்டாம். பயன்படுத்தாத கையின் திறன் இன்னும் குறையும். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொரசொரப்பானதையும் வழவழப்பானதையும் தொட்டு அடையாளம் காண்பது போன்ற பயிற்சிகளை உங்களுக்கு ஏற்றபடி சொல்லித்தருவார். காலையில், களைப்பு வருவதற்கு முன், கொஞ்ச நேரம் செய்து நிறுத்துங்கள். வெந்நீரின் சூட்டை மட்டும் எப்போதும் இடது கையால் பாருங்கள்.